சண்டை முடியும் இடம்

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்." திருச்சியில் நான் வேலை பார்க்கும் அரசு உதவிபெறும் பள்ளியில், ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் பலர் இதைச் சொல்லாமல் போவதில்லை. சொல்லும்போது சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை சிரிக்காது. நானும் வழக்கமான பதிலைச் சொல்வேன். "அடிக்கக் கூடாதுங்க, சட்டமே இருக்கு." 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. உடம்பில் கை வைக்கவும் கூடாது, மனம் நோகப் படுத்தவும் கூடாது. மீறினால் ஆசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை. அடிக்காமலே உங்க பையனைப் படிக்க வைக்கிறேன் பாருங்க என்று கொஞ்சம் மிடுக்கோடு சொல்லி அனுப்புவேன். அதில் பொய் இல்லை. முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகளைப் பிரம்பு இல்லாமல்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அதே நான் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால், பல நாள் ஆறரைக்குள் என் மகனை அடித்திருப்பேன்.

அவன் அப்போது நான்காம் வகுப்பு. ஆரம்பத்தில் தொடையில் ஒரு கிள்ளு போதுமாக இருந்தது. பிறகு முதுகில் ஒன்று வைக்க வேண்டியிருந்தது. பிறகு அடிஸ்கேல். கடைசியில், அடுப்படியில் நிற்கும்போது கைக்கு எது அகப்பட்டதோ அது, பெரும்பாலும் தோசைக்கரண்டி. காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. தங்கையைக் கடிப்பான். பள்ளி டைரியில் மிஸ் சிவப்பு மையால் எழுதியனுப்பும் பக்கத்தைக் கிழித்துவிடுவான். கேட்டால் என் முகத்தைப் பார்த்தே, அப்படி ஒரு பக்கமே இல்லை என்பான். என் கைப்பையில் சில்லறை குறையும். ஒருமுறை அவன் பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பக்கத்துப் பையனின் கையைக் காம்பஸால் கீறியிருந்தான். "நீங்களே ஒரு டீச்சர்..." என்று ஆரம்பித்த அவனுடைய வகுப்பாசிரியை, என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அன்று மாலை அவன் வாங்கிய அடி, கீறியதற்காக விழவில்லை. அந்தப் பாதி வாக்கியத்துக்காக விழுந்தது.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அத்தை எங்களோடுதான் இருந்தார். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வாசகம். நான் அடிப்பது போதாது என்பது அவர் எண்ணம். என் கணவருக்கு அடிப்பதே பிடிக்காது. அவர் வீடு திரும்ப எட்டு மணியாகும். வீங்கிய முகத்தோடு நிற்கும் மகனைப் பார்த்ததும் மொபைலை எடுத்து நீட்டிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். நான் அடிப்பேன், அவர் கொடுப்பார், அத்தை இரண்டையும் குறை சொல்வார்.

ஒருநாள் மாலை. டி.வி.யில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டைக் கீழே வை, வீட்டுப்பாடம் எழுது என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தவள், கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டேன். அவன் என் கையைப் பார்த்தான். டி.வி.யைப் பார்த்தான். இடது கையை நீட்டினான். "அடிச்சுக்கோம்மா. இது முடிஞ்சதும் எழுதறேன்." வலது கை எழுதுவதற்கு வேண்டும் என்பதால் இடது கை. எதிர்ப்போ திமிரோ அந்தக் குரலில் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டுகிற மாதிரி இருந்தது. இன்னும் பத்து நிமிட கார்ட்டூனுக்கு இரண்டு அடி. கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

பிற்பாடு ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களைப் பற்றிப் படித்தபோது இந்த நீட்டிய கைதான் கண்முன் வந்தது. உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000-இல் எழுதிய ஆய்வு அது. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருவதைத் தடுக்கச் சில காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடிவிட்டது. அதுவரை தாமதமாக வந்தால் டீச்சர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இப்போது காசு கொடுத்துவிட்டோமே என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. தோசைக்கரண்டி என் வீட்டில் ஒரு விலைப்பட்டியலாக ஆகியிருந்தது.

நடத்தைப் பிரச்சினையுள்ள பிள்ளைகளைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் மகன் இல்லை. வகுப்பில் ஒரு பையன் இருந்தான், சதா அடிதடி. அவனுக்காகத்தான் தேடினேன். கிடைத்ததெல்லாம் என் வீட்டைப் பற்றி இருந்தது. இத்தனைக்கும் பி.எட். தேர்வில், எலிகளை வைத்துப் பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அதில் வரும் எலி என் கூடத்தில் உட்கார்ந்திருக்கும், பாதி நேரம் அந்த எலி நானாக இருப்பேன் என்று தேர்வுக்குப் படித்தபோது தோன்றவில்லை.

அப்படிக் கிடைத்தவர்தான் ஜெரால்ட் பேட்டர்சன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த உளவியலாளர். பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பதோடு நிறுத்தாமல், பயிற்சி பெற்ற ஆட்களை வீடுகளுக்கே அனுப்பி, ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் என்ன செய்தார், அதற்கு அடுத்து யார் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறிக்க வைத்தார். 1982-இல் புத்தகமாக வந்தது. அவர் கண்டது இதுதான். அம்மா ஒன்று சொல்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது. அம்மா திட்டுகிறாள். பிள்ளை கத்துகிறது. எக்கேடோ கெட்டுப் போ என்று அம்மா விட்டுவிடுகிறாள். உடனே கத்தல் நிற்கிறது. அந்த நொடியில் இரண்டு பேருக்கும் நிம்மதி. கத்தினால் வேலை போய்விடும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. விட்டுக்கொடுத்தால் சத்தம் போய்விடும் என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு பேருமே ஒரு படி மேலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எப்போதாவது அம்மா விட்டுக்கொடுக்காமல் கை ஓங்கினால், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அமைதி கிடைக்கும் என்பது அன்று அம்மாவுக்குப் பாடம்.

படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நான் விட்டுக்கொடுப்பவளா? கரண்டி எடுப்பவள் அல்லவா? சரி பார்ப்போம் என்று பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எங்கள் சண்டைகளை எழுதினேன். எதற்கு ஆரம்பித்தது என்று எழுதவில்லை, எப்படி முடிந்தது என்று மட்டும். எழுதியதைப் பார்த்தால் வெட்கக்கேடு. அடித்தேன், அழுதான், எனக்கு மனசு கேட்கவில்லை, மேகி செய்து கொடுத்தேன், வீட்டுப்பாடம் அப்படியே கிடந்தது. திட்டிக்கொண்டிருந்தேன், தலைமையாசிரியை போன் செய்தார், பேசி முடிப்பதற்குள் கார்ட்டூன் முடிந்துவிட்டது. அடித்தேன், அவர் வந்தார், மொபைல் கைமாறியது. ஒரு மாதத்துக்கு டி.வி. கிடையாது என்று அறிவித்தேன், மறுநாளே ஏழு மணிக்கு அத்தைக்கு சீரியல் பார்க்க வேண்டியிருந்தது. கரண்டியைத் தூக்கிய சண்டைகளிலும் நான் கேட்டது அநேகமாக நடக்கவேயில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் கொஞ்ச நேரம் வீட்டில் சத்தமில்லாமல் இருந்தது. அதற்காகத்தான் அடித்திருக்கிறேன். அவனைத் திருத்துவதற்கு அடித்தேன் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

எப்போதாவது ஒருநாள் கிடைப்பதுதான் எளிதில் விடாத பழக்கத்தை உண்டாக்கும் என்பதும் ஸ்கின்னர் சொன்னதே. தினமும் கிடைத்தது ஒருநாள் நின்றால் சீக்கிரம் விட்டுவிடுவோம். நாலு தடவைக்கு ஒருமுறை கிடைப்பதை விடமாட்டோம், அடுத்த தடவை கிடைக்கும் என்று முயன்றுகொண்டே இருப்போம். நான் உறுதியாக இருந்த நாட்கள்கூட, இடையிடையே தளர்ந்ததால், அவனுடைய பிடிவாதத்துக்குத்தான் உரமாயின.

பள்ளியில் மட்டும் எப்படி முடிந்தது? இதை நிறைய யோசித்திருக்கிறேன். வகுப்பில் நான் கட்டளை குறைவாகத்தான் போடுவேன். போட்டால் நடக்கும்வரை நிற்பேன். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது சின்ன விஷயமாக, தினமும் ஒன்றுபோலவே இருக்கும்: விளையாட்டு நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் என் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காக இருந்தவனின் பேரை எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். காலை ஒன்பது மணிக்கு எனக்குப் பொறுமையும் இருக்கும். நாலு மணிக்கு மணி அடித்தால் அவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற வசதியும் இருக்கும். இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. இந்த வழிகளையெல்லாம் நான் கற்றுக்கொண்டதே, பிரம்பை எடுத்தால் வேலை போகும் என்ற பயத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேசையிலும் பிரம்பு இருந்தது. அடிக்காத டீச்சர் என்று எனக்கிருந்த நல்ல பேரில் பாதி, 17-வது பிரிவுக்குச் சேர வேண்டியது. வீட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

சுவீடனில் இருக்கிறது. பெற்றோரும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 1979-இல் சட்டம் போட்ட முதல் நாடு அது. சட்டம் போட்டதோடு விடாமல், வீடுவீடாகப் போகும் பால் அட்டைப்பெட்டிகளின் மேலேயே அந்தச் செய்தியை அச்சடித்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் அதைப் படிக்கலாம். பிள்ளையும் படிக்கும் என்பதுதான் அதில் சாமர்த்தியம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "நாமெல்லாம் அப்பாகிட்ட அடி வாங்கி வளரலையா அக்கா? கெட்டா போயிட்டோம்?" அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து வந்து பெல்ட்டை ஆணியில் மாட்டும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவோம். கெட்டுப்போகவில்லைதான். ஆனால் இந்தத் தம்பி எட்டாம் வகுப்பிலேயே பணிமனைச் சுவரோரம் பீடி பிடித்தது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா பார்க்கும் இடத்தில் நாங்கள் ஒழுங்காக இருந்தோம், அதற்குமேல் நான் உறுதி சொல்ல மாட்டேன். அடி வாங்கி ஒன்றும் ஆகாமல் வளர்ந்தவள்தான் கரண்டியோடு நிற்கிறாள் என்பதையும் அவனிடம் சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

பொய்யைப் பற்றி ஒரு ஆய்வு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கனடாவைச் சேர்ந்த விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2011-இல் வெளியிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பிரம்படி, அறை, கிள்ளு எல்லாம் உண்டு. மற்றதில் கண்டிப்பதோடு சரி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பிள்ளைகள் பார்க்காமல் இருக்குமா? இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடிக்கும் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருமே இல்லை என்றார்கள். அதோடு, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல் பொய்யைக் காப்பாற்றவும் அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அடி அவர்களைப் பொம்மையைப் பார்க்காதவர்களாக ஆக்கவில்லை, திறமைசாலிகளாக ஆக்கியிருந்தது. என் மகன் டைரிப் பக்கத்தைக் கிழிக்கும்போது, அதோடு சேர்ந்து வரும் எதிர்ப்பக்கத் தாளையும் மறக்காமல் எடுத்துவிடுவான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று வியந்திருக்கிறேன். நான்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

இப்படிச் சொல்லும்போது ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. அடியும் முரட்டுத்தனமும் சேர்ந்தே இருக்கின்றன என்றால், எது எதைக் கொண்டுவந்தது? ரிச்சர்ட் பெல் என்பவர் 1968-லேயே இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டார்: பெற்றோர் பிள்ளையை உருவாக்குவது மாதிரி, பிள்ளையும் பெற்றோரை உருவாக்கும் அல்லவா? என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. மகன் பிறந்த நாளிலிருந்தே கையில் நிற்காத பிள்ளை. பால் குடிப்பதிலும் சண்டை, தூங்குவதிலும் சண்டை. மகளை நான் அநேகமாக அடித்ததேயில்லை. அவள் மட்டும் பிறந்திருந்தால், பிள்ளை வளர்ப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016-இல், ஐம்பது ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளை, 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சம்பந்தப்பட்டவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன. அடியால் விளைந்த நன்மை என்று காட்ட எதுவும் தேறவில்லை. இதற்கும் மறுப்புச் சொன்னவர்கள் உண்டு. பெற்றோரின் போக்குகளை 1960-களில் வகைப்படுத்திப் பேர்பெற்ற டயானா பாம்ரிண்டே, கெர்ஷாஃபின் 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பு வெளிவந்தபோது, கடுமையான அடியையும் எப்போதோ விழும் லேசான அடியையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது என்று எதிர்த்து எழுதினார். நம் ஊரில் இது சகஜம், பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்பவர்களுக்கும் பாதிப் பதில் இருக்கிறது. ஜெனிஃபர் லேன்ஸ்ஃபோர்டும் மற்றவர்களும் 2005-இல் இந்தியா, சீனா, கென்யா உட்பட ஆறு நாடுகளை ஒப்பிட்டார்கள். அடி சகஜமான இடத்தில் பாதிப்பு குறைவாக இருந்தது. இல்லாமல் போகவில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், அடி உண்டா இல்லையா என்பதைவிட அந்த நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. அடிக்காமல் பிள்ளையைக் கெடுப்பதற்கு என் கணவர் உதாரணம். அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் அழுதால் மொபைல் வரும் என்ற பாடத்தை என்னைவிடச் சுத்தமாக நடத்தியவர் அவர். இதை அவரும் ஒப்புக்கொள்கிறார், அதனால் எழுதுகிறேன்.

மாற்றியது எளிதாக இருக்கவில்லை. முதலில் கட்டளைகளைக் குறைத்தேன். அடுப்படியிலிருந்து கத்துவதை நிறுத்தினேன். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் போய், ஒரே தடவை, பேர் சொல்லிச் சொல்வது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது. எனக்கு இதுதான் மகா கஷ்டம், டீச்சர் வாய். தண்டனை அன்றைக்கே முடிய வேண்டும்: இன்று எழுதவில்லையா, இன்று மட்டும் டி.வி. இல்லை, நாளைக்குப் புதுக்கணக்கு. அத்தையின் சீரியலைக் காலையில் மறு ஒளிபரப்பில் பார்க்கச் சம்மதிக்க வைத்தது தனிக்கதை. மொபைல் எட்டு மணிக்கு மேல் அலமாரிக்குள் என்று கணவரிடம் ஒப்பந்தம். அவன் தங்கையோடு சும்மா உட்கார்ந்து விளையாடினால் அதைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்வது. சண்டை இல்லாத நேரத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் அவன் இன்னும் மோசமானான். கதவை உதைத்தான், நோட்டைக் கிழித்தான், வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். எதிர்வீட்டு அக்கா பால்கனிக்கு வந்து பார்த்தார். வழக்கமாகப் பலித்த வித்தை பலிக்காதபோது சத்தம் முதலில் கூடும், பிறகுதான் குறையும் என்று படித்திருந்ததால் தாங்கினேன். படிக்காதவர்கள் அந்த வாரத்தில்தான் கரண்டிக்குத் திரும்புவார்கள். நானும் திரும்பாமல் இல்லை. ஒருமுறை ஓங்கி வைத்துவிட்டேன். அவன் அழவில்லை, "இனிமே அடிக்க மாட்டேன்னு சொன்னியே" என்றான். அந்த ஒரு அடியில் எத்தனை நாள் பாடு வீணானதோ.

பொய் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. குறைந்தது. உண்மையைச் சொன்னால் அடி விழாது என்பதை அவன் நம்பவே வெகுநாள் பிடித்தது. கடிப்பதும் கீறுவதும் ஆறாம் வகுப்புக்குள் போய்விட்டன. வயசாகித் தானாகவே போயிருக்கவும் கூடும். இப்போது பதினொன்றாம் வகுப்பு. சமீபத்தில் ஒருநாள், அந்த நாட்களில் எதற்கெல்லாம் உன்னை அடித்தேன், ஞாபகமிருக்கா என்று கேட்டேன். அடிஸ்கேல், கரண்டி, ஒருமுறை சார்ஜர் வயர் என்று வரிசையாகச் சொன்னான். சார்ஜர் வயரை நான் மறந்தேபோயிருந்தேன். காரணம் மட்டும் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. "பாப்பாவை ஏன்மா அடிக்கவே இல்ல?" என்று கேட்டான். அவ உன்ன மாதிரி படுத்தலடா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் கத்துவதில்லை, எதையும் உடைப்பதில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பேசமாட்டாள், சாப்பிடமாட்டாள். மகனிடம் பலித்த எதுவும் இவளிடம் பலிக்கவில்லை. இந்த வாரம் இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டும் என்று கேட்டாள். பதின்மூன்று ஆகாமல் அவர்களே அனுமதிப்பதில்லை, வயசைக் கூட்டிப் போடலாம் என்கிறாய், முடியாது என்றேன். நேற்றிரவு சாப்பிடவில்லை. இன்று காலை டிபன் பாக்ஸை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கணவர் வண்டிச் சாவியைத் தேடினார். "சாப்பாட்டைக் குடுங்க, இன்ஸ்டாகிராமுக்குச் சரின்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க" என்று வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.